வேனுக்குள் அலமாரி, அலமாரிக்குள் தாலி

எங்கள் வீட்டு வேனைப் பற்றி முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். 'அந்த வண்டி இன்னும் ஓடுகிறதா?' என்று கேட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள்.

ஓடுகிறது. ஓடுவது மட்டுமா... போன ஐப்பசியில் என் தம்பி கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு திண்டுக்கல்லில் காய்கறி மண்டி. ஊர் சுற்றும் ஆசை அதிகம். பட்டாளத்தில் ஓடிய பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை மதுரையில் ஏலத்தில் எடுத்து, உள்ளே இரண்டு கட்டில் போட்டு, ஸ்டவ் வைக்க ஒரு மேடை கட்டி, ஜன்னலுக்குத் திரையும் மாட்டிவிட்டார். குடும்பத்தோடு கோயில் குளம் போய்வரலாம், சத்திரம் தேட வேண்டாம் என்பது அவர் கணக்கு.

எல்லாம் சரி. அலமாரி?

ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி அந்த வண்டியிலேயே இருந்தது. டாக்டர்கள் கோட்டு மாட்டி வைத்த இடமாம். மேலே ஒரு கம்பி, அவ்வளவுதான். தட்டு கிடையாது, டிராயர் கிடையாது. நாங்கள் கோட்டுப் போடும் குடும்பமா? புடவை, துண்டு, காப்பித்தூள், முறுக்கு டின், தைலம் எல்லாம் ஒரே குவியலாக அடியில் கிடக்கும். திருச்செந்தூர் போனபோது கதவைத் திறந்தேன், மொத்தமும் என் மேல் சரிந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன் — இதில் தட்டும் டிராயரும் வைக்காமல் இனி நான் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று.

பேகம்பூர் பக்கமிருந்து சவரிமுத்து ஆசாரி வந்தார். மேலே இரண்டு தட்டு, கீழே மூன்று டிராயர். மேல் டிராயருக்கு மட்டும் பூட்டு. இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

"இறுக்கமாத்தாம்மா இருக்கணும். வீட்டு அலமாரி சும்மா நிக்கும். இது ஆடுற வண்டி. லூசா விட்டா ஒவ்வொரு வளைவுலயும் டிராயர் வெளிய ஓடி வந்துரும்" என்றார் ஆசாரி.

நியாயமாகத்தான் பட்டது. எனக்குப் பரம சந்தோஷம். எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பி கல்யாணத்துக்கு அந்த வேனிலேயே கிளம்பினோம்.

தம்பி பெயர் நடராஜன். பெண் ஒட்டன்சத்திரம், பெயர் மரகதம். அப்பாவுக்கு மளிகைக் கடை. பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தம். தாலி மாப்பிள்ளை வீட்டார் கொண்டு போக வேண்டியது. குலதெய்வத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு அம்மா எடுத்துக் கொடுத்த தாலியை, ஒரு சின்ன வெள்ளிச் சிமிழில் போட்டு மேல் டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பிடித்தது மழை. மண்டபம் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. ராத்திரி முழுக்க வேன் வாசலில் நனைந்துகொண்டே நின்றது. மண்டபத்துக் கூட்டத்தில் தாலியை வைத்துக்கொண்டு திண்டாடுவானேன், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் தம்பி மணையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் தாலியைக் கேட்டார். நான் வேனுக்கு ஓடினேன்.

சாவி திரும்பியது. டிராயர் வரவில்லை.

இழுத்தேன். ஆட்டினேன். தட்டினேன். கூரையில் எங்கேயோ ஒழுகி, அலமாரியின் மேல் பாதி ஈரமாகிக் கிடந்தது. மரம் ஊதிப்போய் டிராயர் அப்படியே கவ்விக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர், "தள்ளு" என்று ஒரு காலை அலமாரியில் ஊன்றி இழுத்தார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. இனி பிடித்து இழுக்கவும் ஒன்றும் இல்லை.

"கடப்பாரை போட்டு நெம்பிரவா?"

"முகூர்த்த நேரத்துல உடைக்கிற சத்தம் கேக்கணுமாக்கும்" என்றேன்.

அம்மாவும் வந்துவிட்டாள். "மஞ்சக் கிழங்கக் கட்டிருவோமான்னு ஐயர் கேக்குறாருடி. சாமி முன்னால வச்சு எடுத்த பொன்னு உள்ள இருக்கையில கிழங்க எப்படிடி கட்டுறது?" என்று அழ ஆரம்பித்தாள். அம்மா அழுதால் நான் தாங்கமாட்டேன். நானும் அழுதேன்.

அதற்குள் பெண்ணின் தாய்மாமா குடையைப் பிடித்துக்கொண்டு வேன் வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் முகம் மாறியிருந்தது.

"ஏனுங்க, தாலி வரலீங்களாமா? நேரம் போயிட்டிருக்குதுங்க. எனக்கென்னமோ சகுனம் செரியாப் படலீங்க. பெரியவங்கள வச்சு ஒரு வார்த்தை பேசிக்கிட்டு அப்புறம் பாக்கலாமுங்களா?"

'அப்புறம்' என்று மண்டபத்தில் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? தம்பி முகம்தான் கண்ணில் வந்தது. ஒரு டிராயரால் அவன் மணையிலிருந்து எழுந்து வர வேண்டுமா?

அப்போது மாமாவின் குடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்கங்க."

மணப்பெண். கூறைப்புடவை, நெற்றிச்சுட்டி, கழுத்தில் மாலையோடு மண்டபத்தின் பின்வாசல் வழியாக இறங்கி வந்திருக்கிறாள். மாலை நனையாமல் ஒரு தாம்பாளத்தைத் தலைக்குமேல் பிடித்திருந்தாள்.

"நீ ஏன் கண்ணு இங்க வந்த?" என்று மாமா பதறினார்.

"தாலி எனக்குத்தானுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். டிராயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நடு டிராயர் வருதுங்களா?"

இழுத்தேன். அது கீழே இருந்ததால் அவ்வளவாக நனையவில்லை. முனகிக்கொண்டே வந்தது.

"அத முழுசா உருவிருங்க. எங்க கடை மேசையும் மழை வந்தா இப்படித்தானுங்க மக்கர் பண்ணும். நான் அந்தச் சந்து வழியாக் கைய விட்டு மேல இருக்கறதப் பொறகால இருந்து தள்ளுறேன். நீங்க முன்னால விளிம்பப் புடிச்சுக்கங்க."

வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, மண்டியிட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டாள். அம்மா மெதுவாகச் சொன்னாள், "தாலிய நீயே எடுக்கலாமா தாயி?"

உள்ளேயிருந்தபடியே பதில் வந்தது. "யார் கட்டறாங்கங்கறதுதானுங்க அத்தை முக்கியம். இப்ப இழுங்க அண்ணி."

அவள் தள்ள, நான் நகத்தால் பற்றி இழுக்க... ஒரு விரல் அளவு நகர்ந்தது. வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே குனிந்து விளிம்பைப் பிடித்தார். இன்னொரு தள்ளு. டிராயர் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்ததில், நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். மடியில் டிராயர். டிராயரில் வெள்ளிச் சிமிழ்.

மாமாதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. இது வேறே அழுகை. அம்மா, பெண்ணின் கையிலிருந்த மரத்தூளைத் தன் முந்தானையால் துடைத்து, மாலையைப் போட்டுவிட்டாள். மாமா குடையைப் பிடிக்க, வந்த வழியே பெண் போனாள்.

முகூர்த்த நேரம் முடியுமுன் தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சு நான் போட வேண்டியது. அவசரத்தில் கயிறு விரலில் சிக்கிக்கொண்டது. மரகதம் தலையைக் குனிந்தபடியே, "மெதுவாப் போடுங்க அண்ணி, நான் எங்கயும் போயிரலைங்க" என்றாள். ஐயரே சிரித்துவிட்டார்.

நாம் ஒரு பொருளைப் பத்திரப்படுத்துகிறோம் என்றால் திருடனை மட்டும்தான் நினைக்கிறோம். மழையை நினைக்கிறோமா? நல்ல அலமாரி, நல்ல பூட்டு, இடுப்பில் சாவி... எல்லாம் இருந்தும் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது போலிருக்கிறது. எனக்குத் தட்டும் டிராயரும் பிடிக்காமல் போய்விடவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு லேசாக இழைக்கச் சொல்லி, மெழுகு தேய்த்து வைத்திருக்கிறேன். கூரைக்கும் தார் பூசியாயிற்று. நல்லபடியாக முடிந்த காரியத்துக்கு யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊர் திரும்பும்போது, முன் சீட்டிலிருந்த தம்பியிடம் கேட்டேன். "ஏலே, அம்புட்டு நேரம் மணையில ஒத்தையா உக்காந்திருந்தியே... என்னலே நெனச்ச?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இட்லி ஆறிப்போகுமேன்னு நெனச்சேங்க்கா."

இவனுக்கு இப்படி ஒரு பெண் வாய்த்ததில் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று இப்போது புரிகிறதா?