பாதி ஜன்னல் திரை

எனக்கு இடது கைப் பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது அந்தக் கையால்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். உள்கூடத்துத் தறி அப்பாவுடையது. தெருவைப் பார்த்த முன்னறைத் தறி கொஞ்ச காலமாகச் சும்மா கிடந்தது. இரண்டுமே குழித்தறி. குழிக்குள் காலை விட்டுத் தரையோடு தரையாகப் பலகையில் உட்கார வேண்டும். வீடு தெருவைவிட இரண்டரை அடி உயரம். இதனால் என்ன ஆகும் என்றால், முன்னறைத் தறியில் உட்காருகிறவர் முகமும் தெருவில் நடக்கிறவர் முகமும் ஜன்னல் கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேருக்கு நேராக வரும். போகிறவர்கள் எல்லாரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். ஆண்கள் நெய்தவரை அதில் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை.

அப்பாவின் தங்கையான என் அத்தை, கல்யாணமாகிப் போன எட்டாம் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வயது பத்து. அத்தை வந்ததே நல்லது என்றிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டுப் போட்டு முழுப்புடவையே நெய்யக் கற்றிருந்தவள், வந்த பிறகு சமையலறையை விட்டு நகரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். அம்மா எந்தச் சட்டத்தையும் மதித்தவள் இல்லை. யாரிடமும் கேட்காமல், எங்களுக்கு நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி வீட்டுக்குப் போய், அத்தைக்கென்று தனியாக ஒரு புடவைப் பாவு கேட்டாள். பெண்பிள்ளை பேரில் பாவா என்று அவர் யோசித்தாராம். கடைசியில், வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் தறியில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை பாவை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிக் கொடுத்தார்.

அத்தைக்குக் கை துறுதுறுத்தது எனக்கே தெரிந்தது. பாவு நூலை இரண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஆனால், "முன்னறையில உக்கார மாட்டேன் அண்ணி. ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிக்கினு என்னால நெய்ய முடியாது" என்றாள். உள்தறியில் அப்பாவின் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. ஜன்னல் கதவைச் சாத்திவிடலாம் என்றால் அது மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் கதவு. சாத்தினால் அறை இருட்டாகிவிடும், இழை கண்ணுக்குத் தெரியாது.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது?" என்றார் அப்பா. 

"உலைமூடி இல்லைன்னா போவட்டும். ஜன்னலுக்குத் திரை இருக்குதில்ல?" என்றாள் அம்மா.

என் மாமா சென்னையில் பழைய சாமான் கடையில் வேலையாக இருந்தார். அம்மா கடுதாசி போட்ட நாலாம் நாள், இடிபட்ட ஏதோ ஒரு பங்களாவின் ஜன்னல் அலங்காரத்தை அப்படியே சாக்கில் கட்டி எடுத்து வந்து இறக்கிவிட்டுப் போனார். கனமான பித்தளைக் கம்பி ஒன்று. அதன் இரண்டு முனைக்கும் தாமரை மொட்டு மாதிரிக் குமிழ். சுவரில் வைத்துத் திருகுவதற்கு இலை வடிவத்தில் இரண்டு பிராக்கெட். பன்னிரண்டு வளையம். எல்லாவற்றுக்கும் மேலே, கம்பியை மறைத்து ஜன்னல் தலையில் வைக்கிற பெல்மெட் பலகை. முழுக்கக் கொடிகளும் திராட்சைக் குலைகளும் செதுக்கியது. டாக்டர் வீட்டில் மட்டும்தான் அப்படி ஒன்றை நான் பார்த்திருந்தேன். அதுகூடச் செதுக்காத மொட்டைப் பலகை. மறுநாளே வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி நாலு பேரை அழைத்தும்விட்டேன்.

புதன்கிழமை மதியம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, அம்மா அத்தையைத் தறிப்பலகையில் உட்கார வைத்தாள். அவள் உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் விட்டு, ஜன்னலின் நடுக்கம்பியில் ஒரு சிவப்புப் பட்டு இழையைக் கட்டினாள். திரைக் கம்பி அந்த உயரத்தில்தான் வர வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லி வைத்தாள். பழைய புடவையில் திரையையும் அந்த அளவுக்கே, பாதி ஜன்னலுக்கு மட்டும் தைத்தாள். பெல்மெட்டுக்கு இடமே இல்லை. அது சாக்கோடு மூலையில் கிடந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உலகத்தில் யாராவது ஜன்னலின் இடுப்பில் திரை கட்டுவார்களா? நாலு பேரை வேறு அழைத்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன். "போய் வேலையைப் பாரு" என்றாள்.

வியாழக்கிழமை அம்மா, உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்க்கச் செவிலிமேட்டுக்குப் போனாள். எனக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா உள்தறியிலும் அத்தை அடுப்படியிலும் இருந்த நேரம் பார்த்து, ஆசாரி வருவதற்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி, நடுவில் இருந்த சிவப்பு இழையை அவிழ்த்து, ஜன்னலின் உச்சியில் கட்டினேன். எங்கள் தெருவில் பத்து வயதுப் பெண்ணுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவில் அறுந்த இழைகளை முடிவதே என் வேலை. இறுக்கமாகவே போட்டேன்.

ஆசாரிக்குத் திருப்புட்குழியில் கல்யாண வீட்டு வேலை. கிளம்புகிற அவசரத்தில் வந்தவர் உச்சியில் இழையைப் பார்த்தார். "பாதியில போடணும்னு சொன்னாங்களேம்மா" என்றார்.

"அப்புறம் மாத்திட்டாங்க. இதையும் போடச் சொன்னாங்க" என்று பெல்மெட்டை இழுத்துக் கொடுத்தேன்.

"இதுதாம்மா முறை" என்று சொல்லி, அரை மணியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் திரையை வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். அரண்மனைதான் போங்கள். திராட்சைக் குலை என்ன, தாமரை மொட்டு என்ன! அரைத் திரை ஜன்னலின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வரவேண்டிய இடம் அடைபட்டுவிட்டது, முகம் தெரியக் கூடாத இடம் ஆவென்று திறந்து கிடந்தது. இதில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அத்தை எட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், தறியைப் பார்த்தாள். உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தாள். அப்பா மட்டும், "நல்லாத்தான் இருக்குது. ஆனா அவ உக்கார மாட்டா. பாவு போச்சு" என்றார்.

மூன்று மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தாள். பிறகு முக்காலியில் ஏறி, அந்தச் சிவப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். வலது கைக்காரர் போடுகிற முடிச்சு ஒரு பக்கம் திரும்பும். என் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பும். எங்கள் வீட்டில் அப்படி முடிபோடுகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். அடி விழும் என்று நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். 

அம்மா அடிக்கவில்லை. ஆசாரி திருப்புட்குழிக்குப் போய்விட்டார் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். 

"வா. அத்தை இடத்துல உக்காரு. அளவு பாக்கணும்" என்றாள்.

என் தலை அத்தையின் உயரத்துக்கு வருவதற்கு இரண்டு மணைக்கட்டையைப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, அம்மா தெருவில் போய் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு, தண்ணீர்க் குழாய்க்கு ஆட்கள் கிளம்புகிற நேரம். குடத்தோடு வந்த பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் முகத்தை வைத்தாள். 

"இன்னாடி, அத்தை தறியில நீ உக்காந்துக்கினு இருக்கிறே? அவ ஊட்டுக்காரன் இன்னும் வரலியா கூட்டினு போவ?"

"தெரியாது" என்றேன். 

"அவ சாப்பிடறாளா? அழுவறாளா?" 

அவள் நகர்வதற்குள் இன்னொருத்தி வந்தாள். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, ஒன்றும் கேட்காமல் உள்ளே பார்த்தார். முகத்தை எங்கே திருப்பினாலும் அங்கே யாரோ இருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து ஓடப் பார்த்தேன். 

"எழுந்துக்காதே. உக்காரு" என்று தெருவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. 

அஞ்சாறு பேர் கடந்து போகிறவரை அம்மா அளவு பார்த்துக்கொண்டே நின்றாள். ஓர் உயரத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று எனக்குள் திட்டினேன்.

அப்புறம் தொடங்கியது வேலை. பெல்மெட்டை இறக்கினாள். பிராக்கெட்டுகளைத் திருகிக் கழற்றினாள். உளியும் சுத்தியலும் எடுத்து, நடு உயரத்தில் சுவரைக் கொத்தினாள். பழைய சுண்ணாம்புச் சுவர். விரலளவு ஓட்டை கேட்டால் கையளவு உதிர்ந்தது. மரமுளை அடித்தாள், ஆடியது. மறுபடி பெரிய முளையாகப் பார்த்து அடித்தாள், அதுவும் காரையோடு கழன்று விழுந்தது. 

அப்பா வாசல்படியில் நின்று, "ஆசாரி திங்கக்கிழமை வந்துடுவான். விடேன்" என்றார். 

"திங்கக்கிழமை பாவு யார் ஊட்ல இருக்கும்?" என்றாள், திரும்பாமல்.

கடைசியில், நூல் சுற்றுகிற உடைந்த தார்க்குச்சிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, அதன்மேல் கழிவுப் பட்டு நூலை இறுக்கிச் சுற்றி, கஞ்சிப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் வைத்து அடித்தாள். பிடித்துக்கொண்டது. அதில் திருகாணி ஏறியபோது கிரீச்சென்ற சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். இரண்டாவது பக்கம் அடிக்கும்போது சுத்தியல் நழுவி அவள் கட்டைவிரல் நகம் கறுத்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு மீண்டும் அடித்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளே வந்து கம்பியின் ஒரு முனையைப் பிடித்து, "இந்தப் பக்கம் சாயுது, கொஞ்சம் தூக்கு" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

முன்னறைத் தறியின் உட்காரும் பலகையைக் கரையான் அரித்திருந்தது. அம்மா பெல்மெட்டைத் தூக்கி, திராட்சைக் குலையெல்லாம் தரையைப் பார்க்க, வழவழப்பான முதுகு மேலே வர, குழிக்கு ஓரமாகப் போட்டாள். சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தை தலைக்குக் குளித்து வந்தாள். மேல்பாதி ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பாவில் விழுந்தது. தெருவிலிருந்து பார்த்தால் பழைய புடவைதான் தெரிந்தது. பெல்மெட் பலகையில் உட்கார்வதற்கு முன்னால், உச்சியில் அவிழ்க்க மறந்து நின்றுவிட்ட என் சிவப்பு இழையை அத்தை முக்காலியில் ஏறி அவிழ்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். 

"நல்லா இறுக்கமாத்தான் போட்டிருக்கே" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அவள் காலை இறக்கி மிதிக்க, தறி பேச ஆரம்பித்தது. 

நான் அழைத்த நாலு பேரும் சாயங்காலம் வந்து, இடுப்பில் கட்டிய திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அத்தை அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அந்தப் புடவை முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று பாவு வந்துகொண்டே இருந்தது. தெருவில் கேள்வி கேட்டவர்கள் திரையிடம் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் ஓய்ந்து போனார்கள். 

அடுத்த பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை. நான் முன்னறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தை நெய்துகொண்டிருந்தவள் நிறுத்தி, கையை நீட்டி, திரையை ஒரு தள்ளுத் தள்ளினாள். பன்னிரண்டு வளையமும் பித்தளைக் கம்பியில் சலசலவென்று ஓடிப்போய் மூலையில் ஒதுங்கின. தெரு முழுவதும் தெரிந்தது. அதே பக்கத்து வீட்டம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அத்தை அவளை நேராகப் பார்த்து, "என்னக்கா, குழாயில தண்ணி வந்துடுச்சா?" என்றாள். கேள்வி கேட்டே பழகிய அந்தம்மா அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கோ ஆத்திரம். எத்தனை பாடு, என் அம்மாவின் நகம் கறுத்த பாடு, என் பெல்மெட் போன பாடு! இவள் என்னவென்றால் சர்வசாதாரணமாகத் தள்ளிவிடுகிறாள். சமையலறைக்கு ஓடினேன். 

"அம்மா, அத்தை திரையைத் தெறந்துட்டாங்க."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "தெறந்துட்டாளா?" என்று ஒரு தரம் கேட்டாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அம்மாவையே அழவைத்துவிட்டாள் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. 

முன்னறைக்குப் போய்த் திரையை இழுத்து மூடினேன். அத்தை சிரித்துக்கொண்டே மறுபடி தள்ளினாள். நான் மறுபடி மூடினேன், இடது கையால், முழு பலத்தோடு. அவள் மறுபடி தள்ளினாள். மூன்றாம் தரம் நான் அழுதுகொண்டே இழுத்தபோது, உள்ளேயிருந்து அம்மா, "விடுடி அதை" என்று கத்தினாள். யார் பக்கம் நின்று இத்தனை பிடிவாதம் பிடித்தேனோ, அவளே என்னை வைகிறாளே என்று அன்றைக்கும் நான் சாப்பிடவில்லை.