பஸ்ஸில் பிளக் இல்லை

“பாச்சிக், முகமூடியைத் தினமும் மாட்டுறீங்களா?”

“வீட்டுல இருந்தா மாட்டுறேன், மிஸ்ஸி. பேரப்பிள்ளைங்க யானை வந்துடுச்சுன்னு ஓடுதுங்க.”

“வேலைக்குப் போனா?”

“பஸ்ஸுக்கு அடியில, பெட்டிங்களுக்குப் பக்கத்துல ஒரு பொந்துலதான் தூங்குறேன். அதுல பிளக்குக்கு எங்க போக?”

“முதலாளிகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘தொரைக்கு ஏர்கானும் மாட்டவா?’ன்னு சிரிச்சாரு.”

பாச்சிக், அதாவது மாமா, என்று நான் கூப்பிடும் ஷம்சூரி, மலேசியாவின் தெற்கே ஜொகூர் பாருவுக்கும் வடக்கே அலோர் ஸ்டாருக்கும் இடையே இரவு பஸ் ஓட்டுபவர். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்கு முகமூடியும் நீளக் குழாயும் உள்ள, மின்சாரத்தில் ஓடும் காற்றுக் கருவி கொடுத்தோம். நோயாளிகள் அதைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வது கிளினிக்கில் நர்ஸான என் வேலை. அவர் கைவிடவில்லை. ஆனால் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் பஸ் அது. பொந்தில் திணறித் திணறிக் கிடந்துவிட்டு, எழுந்த கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். பேட்டரி வாங்க அவருக்கு வசதியில்லை. எங்கள் டாக்டரும் கம்பெனியிடம் பேசிப் பார்த்தார். முடியாதவர் வேலையை விடலாம் என்றார்கள். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்ததால் அவர் விடவில்லை.

தீபாவளிக்கு முன்பு வந்தவர், கிளம்பும்போது கதவருகே நின்றார்.

“ஊருக்கு, சுங்கை பட்டாணிக்கு, எங்க பஸ்லதானே போவீங்க, மிஸ்ஸி? இந்தத் தடவை வேற கம்பெனியில டிக்கெட் எடுங்க.”