அம்மா பங்கில் நட்ட கல்

கல்யாணத்துக்குக் கூப்பிடாதவர்கள்கூடக் கருமாதி முடிந்த மறுநாள் தேடிப்பிடித்துக் கூப்பிடுகிற தொழில் ஒன்று உண்டென்றால், அது நிலம் அளக்கும் எங்கள் தொழில்தான். உத்திரமேரூர் பக்கம் டேப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரப்பு வரப்பாக அலைகிற சக பாவிகளே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டிருக்கிறேன். மாகறல் போகிற வழியில் ஒரு குடும்பத்திடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பட்டேன்.

சோறும் நிலமும்

செத்தவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நெல் வயல் அது. உயில் எழுதவில்லை. மனைவி கன்னியம்மா, மூத்தவன் பெருமாள், அடுத்தவன் குமார், கல்யாணமாகிப் போன கடைக்குட்டி அமுதா என்று பங்குக்கு நான்கு பேர். பெருமாளோ வயலை இரண்டாக அளக்கச் சொன்னான்.

"உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் தங்கைக்கும் சமபங்கு உண்டப்பா" என்றேன். அவன் வீட்டுச் சோற்றுப் பானையில் நான் கையை விட்டதுபோல முறைத்தான். அந்தம்மா எனக்குக் காபி டம்ளரை நீட்டியபடி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதைப் பற்றி அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"இன்னா சார் பேசற? எங்கம்மா சோறுதான துன்னும், நெலத்தயா துன்னும்?"

தங்கைக்கு ஒரு புடவை

தங்கைக்குப் புடவை எடுத்துக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என அண்ணன்கள் இருவரும் காஞ்சிபுரம் போய் வந்தார்கள். போன ஊர் பட்டுக்குப் பேர்போன ஊர். வாங்கி வந்தது என்னவோ பாலியஸ்டர். அமுதா அதைப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள், பெரியண்ணன் மடியிலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இத அண்ணனே கட்டிக்கினு போவட்டும் சார். நீங்க எங்கம்மாவுக்கும் எனக்கும் கல்லு நடுங்க."

பிரிப்பது மூத்தவன், எடுப்பது இளையவள்

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பங்கைப் பிரிப்பவன் மூத்தவன். எடுப்பதோ இளையவரிலிருந்து ஆரம்பம். கடைசியில் மிஞ்சுவது தன் தலையில்தான் விழும் என்ற பயத்திலேயே மூத்தவன் ஒழுங்காகப் பிரித்துவிடுவான்.

வேறு வழியில்லாமல் நான்கு பங்குக்கு ஒப்புக்கொண்ட பெருமாள் அங்கேதான் மூளையைக் காட்டினான். மூன்று துண்டு ரோட்டை ஒட்டி வைத்தான். நான்காவது, பின்னால் போக வழியே இல்லாத மூலை. அப்பாவைப் புதைத்த இடமும் அதிலேயே இருந்தது. "வூட்டுக்கே மூத்தது அம்மாதான், அதனால அதுதான் கடைசியா எடுக்கணும்" என்றான். குமார் தலையாட்டினான். அளக்க வந்தவன் வேலை அளப்பதுதான் என்று நான்கு துண்டுக்கும் முளையடித்தேன்.

முதலில் எடுக்க வேண்டியவள் அமுதா. அவள் நேராகப் பின்மூலையைக் காட்டினாள். பெருமாளின் முகம் தொங்கிப்போனது. இனி அண்ணன்கள் எதை எடுத்தாலும் அம்மாவுக்கு மிஞ்சுவது ரோட்டோரம்தான்.

"அப்பாகூட நா இருந்துக்கறன். அம்மா ரோட்டாண்ட ஒரு கொட்டா போட்டுக்கினு, யார் கையயும் பாக்காம இருக்கட்டும்."

மறுபடியும் அதே வயல்

அடுத்த அறுவடைக்குள் பெருமாளிடமிருந்து போன். அம்மா பங்கை இரண்டாக அளக்க வேண்டுமாம். பேரப்பிள்ளைகளைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்து, அந்தம்மா அழுது ஓய்ந்த பிறகு, நிலத்தை மகன்கள் பேருக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். அமுதாவுக்குத் தகவலே இல்லை.

கன்னியம்மா அங்கே கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு பசுவும் கட்டியிருந்தார். நடுக்கோடு கொட்டகைக்குள்ளேயே போனது. அடுப்பைத் தாண்டித்தான் டேப்பைப் பிடித்தோம். ஒரு சாண் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டேப்புக்கு வழிவிட்டு அந்தம்மா இங்கே நகர்ந்தார், அங்கே நகர்ந்தார். கல்லை நட்டுவிட்டு நான் நிமிர்ந்தபோது கேட்டார்.

"நைனா, நா இப்ப யார் பங்குல நிக்கறன்?"

இந்தத் தாலுகாவில் எந்த வயலின் மூலைக்கல்லையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிற நான், அன்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.