ஏழு வருஷம் பார்க்காத கணவன்

வீட்டை விட்டுச் சாமியாராகப் போன கணவன் கிரிவலப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது ரேணுகாம்பாளுக்குத் தெரியும். பௌர்ணமிதோறும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். ஆனாலும் ஏழு வருஷமாக ஆளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணி, அவனை இறந்தவனாக்கி, அவன் நிலத்தை விற்றுத் தின்றாள்.

இந்தப் பௌர்ணமியில் அவன் நிஜமாகவே செத்துக் கிடந்தான்.

"நீங்கதான் சோறு போடுவீங்களாமே, யாரும்மா இவரு?" என்றார் போலீஸ்காரர்.

"யாரோ பரதேசிங்க. புண்ணியத்துக்குப் போட்டேன்."

அநாதைப் பிணமாக வண்டியில் ஏற்றிப் போனார்கள். கொண்டுவந்த சோற்றைப் பக்கத்துச் சாமியாருக்குப் போட்டாள். அவர் ஒரு வாய் தின்று முகம் சுளித்தார்.

"உப்பு கம்மி. பி.பி. உன் புருஷனுக்குத்தான், எனக்கில்ல. கோர்ட்டு கதையெல்லாம் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தான். நாளையிலேருந்து தினமும் கொண்டா, நெய் ஊத்தி."