பதினோரு ரப்பர் பேண்டுகள்

நேற்று காலை கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆய்ந்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் தரப்படும் பொறுப்புகளில் இதுவும் ஒன்று. எழுத்து மூலமான ஆணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. கட்டிலிருந்த சிவப்பு ரப்பர் பேண்டை உருவி வழக்கம்போல இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். அடுத்து புதினாக் கட்டு. அதற்கடுத்து மருந்துக்கடைப் பொட்டலம்.

"கையில என்னங்க அது, வளையலா?" என்றாள் மனைவி.

"மூணு சுத்து முடிஞ்சிருக்கு" என்றேன்.

அவள் கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பழகிவிட்டது. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

பெரம்பலூர் தாலுகா ஆபீசில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. பொங்கல் கழிந்த சனி, ஞாயிறில் சைக்கிள் பந்தயம் நடக்கும். சனிக்கிழமை பெரம்பலூரில், ஞாயிற்றுக்கிழமை அரியலூரில். ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண் கியர் சைக்கிளில் போகிறாள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, நாடித்துடிப்பைச் சொல்லும் கடிகாரம். நல்லது. எங்களிடம் இருந்தது வேலைக்குப் போகிற சைக்கிள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர், பெல் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தால் அது பந்தய சைக்கிள். திங்கட்கிழமை காலை திரும்ப மாட்டினால் அரசு ஊழியரின் சைக்கிள். ஒரு நட்டாவது மிஞ்சாமல் நான் மாட்டி முடித்ததாக நினைவில்லை.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், செயினுக்கு விட்ட எண்ணெய், தொடையில் தேய்க்கக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். இந்த மூன்றும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது எப்போதாவது மூக்கில் பட்டால், எதிரே குந்தியபடி ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பன்னீரும் கூடவே வந்துவிடுவான்.

பன்னீர் பூலாம்பாடிக்காரன். சுற்றுக் கிராமங்களில் பால் வாங்கி, இரண்டு பெரிய கேன்களில் நிரப்பி, சைக்கிளில் பெரம்பலூர் சொசைட்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. என்னிடம் ஒரு சான்றிதழுக்காக வந்தவன். உறுதிமொழியில் கையெழுத்து இல்லை என்று ஒரு முறை, ஒரு நகல் குறைகிறது என்று ஒரு முறை, தேதி போடவில்லை என்று ஒரு முறை அவனைத் திருப்பி அனுப்பினேன். எல்லாம் விதிப்படிதான்.

மூன்றாவது முறை அவன் சொன்னான்: "உங்க ஆபீசுக்கு மிதிச்ச மிதியப் பந்தயத்துல மிதிச்சிருந்தா ஒரு சோப்பு டப்பாவாச்சும் கெடச்சிருக்கும் சார்."

"எந்தப் பந்தயம்?" என்று கேட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் நான் 'சார்' பதவியிலிருந்து 'மாப்ள' பதவிக்கு உயர்ந்தேன். அதற்குப் பிறகு கிடைத்த எந்தப் பதவி உயர்வும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஞாயிறுதோறும் காலைப் பனியில் இருவரும் பயிற்சிக்குப் போவோம். அவன் முன்னால், நான் அவன் பின்சக்கரத்தை ஒட்டி. காற்றை அவன் உடைத்துக்கொண்டு போவான். நான் இலவசமாகப் பின்னால் போவேன். "மாப்ள, டிக்கெட் எடுத்தியா?" என்று திரும்பாமலே கேட்பான்.

அந்தப் பந்தயத்தில் ஒரு வருஷம் தகராறு. சுற்றுகளைக் கணக்கெடுக்க உட்கார்ந்தவர் இடையில் டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு பேர் 'நான்தான் முதல்' என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுவருஷம் விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "நீங்க ஆபீஸ்காரரு, ஒரு ரூல்ஸ் எழுதிக் குடுங்க" என்றார்கள். என்னிடம் போய் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா? இரண்டு ஊர்ப் பந்தயத்துக்கும் சேர்த்துப் பதினான்கு விதிகள் எழுதினேன், கார்பன் வைத்து மூன்று பிரதி. அவற்றில் ஒன்பதாவது விதி: ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோட்டருகே நீட்டப்படும் குச்சியிலிருந்து போட்டியாளர் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு. எண்ணிக்கை குறைந்தால் சுற்று குறைந்ததாகவே கொள்ளப்படும்.

ரப்பர் பேண்டுகளையும் நானே சப்ளை செய்தேன். எங்கள் ஆபீஸ் பதிவறையில் ஒரு டப்பா நிறைய, வருஷக்கணக்காகக் கிடந்து காய்ந்தவை. அரசுச் சொத்துதான். இனி என் ஓய்வூதியத்தை நிறுத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அந்த வருஷம் சனிக்கிழமை பெரம்பலூர்ப் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் பன்னீரின் செயின் கழன்றது. ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டே வந்து இரண்டாமிடம். வழக்கமான சோப்பு டப்பா. மூன்று வருஷமாக அவன் இரண்டாவதைத் தாண்டவில்லை. நான் ஐந்தாவதோ ஆறாவதோ. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் அரியலூருக்கு மிதித்தோம். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. தை மாத வெயில் முதுகில் இதமாக விழுந்தது. பன்னீர் சைக்கிளை மிதித்துக்கொண்டே சோப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடினான். அந்த 'டக் டக்' சத்தத்தோடே ஊர் வந்து சேர்ந்தது.

அரியலூரில் அவன் அக்கா வீட்டில்தான் தங்கல். சுடுசோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். முதல் பரிசு எவர்சில்வர் குடம் என்பது அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இவன நம்பி அடுப்படியில கொடத்துக்கு எடம் ஒதுக்கி வச்சிருக்கேன் தம்பி. வருசா வருசம் சோப்பு டப்பாவத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்."

"நாளைக்குக் கொடம் வருதுக்கா. வரலைன்னா இந்த வூட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றான் பன்னீர்.

"அப்ப கருவாடு மிச்சம்" என்றாள் அக்கா.

மறுநாள் பந்தயம் ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் பாதையில். அந்த மண்ணைக் கிளறினால் கல்லாகிப் போன சிப்பிகள் கிடைக்கும். ஒரு காலத்தில் கடலாம். ஞாயிறு என்பதால் லாரி இல்லை. பனியில் நனைந்த வெள்ளைப் புழுதி டயரில் மாவு போல அப்பியது. நான்காவது சுற்றிலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பன்னீர் முன்னால், நான் அவன் பின்சக்கரத்தை ஒட்டி, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல.

ஒன்பதாவது சுற்று. புளியமரத் திருப்பத்தில் அவன் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்து வளைத்தபோது, அவன் இடது மணிக்கட்டிலிருந்து சிவப்பாக ஒன்று தெறித்து விழுந்தது. பால் கேன் தூக்கித் தடித்த மணிக்கட்டு. என் பதிவறை ரப்பர் அதற்குத் தாங்கவில்லை. வெள்ளைப் புழுதியில் அது கிடந்தது தெளிவாகத் தெரிந்தது. அதன் மேலேயே என் சக்கரம் ஏறிப் போனது.

கத்தியிருக்கலாம். கத்தினால் அவன் நிற்பான், நான் முந்துவேன், அது நியாயமில்லை என்று நினைத்தேன். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தது சத்தியமாக உண்மை.

பன்னீர் எனக்கு ஐந்தாறு சைக்கிள் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டினான். அக்கா, "எந்தம்பி, எந்தம்பி!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் அவன் கையைப் பிடித்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பதினொன்று. என் கையில் பன்னிரண்டு.

"நான் பன்னெண்டும் சுத்துனேன் சார்" என்றான் பன்னீர். என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாப்ளையக் கேளுங்க. எம்பின்னாலதான வந்தான். டிக்கெட் எடுக்காம."

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ரூல் நீங்க எழுதுனது. நீங்களே சொல்லுங்க சார். என்ன செய்யலாம்?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். என் மணிக்கட்டில் பன்னிரண்டு ரப்பர் பேண்டுகள் இறுக்கிக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை.

"ஒன்பதாவது விதி என்ன சொல்லுதோ, அதான் சார்" என்றேன்.

பன்னீர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். கையிலிருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாஸ்டரின் மேஜைமேல் வைத்தான். எனக்கு மாலை போட்டார்கள். நான் பையை எடுக்கக் குடத்தோடு அக்கா வீட்டுக்குப் போனபோது அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். குடத்தை அக்காவிடம் நீட்டினேன்.

"எங்க வூட்டுல கொடம் இருக்குங்க" என்றாள். முந்தின நாள் நான் அவளுக்குத் தம்பி.

பன்னீர் சைக்கிளை பஸ் கூரைமேல் ஏற்றினான். படியில் கால் வைத்தபடி, "வரேன் சார்" என்றான். நான் தனியாக எதிர்க்காற்றில் மிதித்துப் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். அன்றுதான் அந்தப் பாதை எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறுகளில் அவன் வரவில்லை. சொசைட்டியில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொன்னான். பிறகு திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். குடத்தில் இப்போது என் மனைவி அரிசி கொட்டி வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போயிருந்தேன். மண்டபத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பழைய பந்தயப் பாதைக்குப் போகச் சொன்னேன்.

"அங்க ரோடு ஏது சார்? எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டாங்க. பள்ளந்தான் கெடக்கு" என்றார் ஆட்டோக்காரர். ஆனாலும் கூட்டிப் போனார்.

முள்வேலி, ஓர் எச்சரிக்கைப் பலகை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர். நான் சுற்றிய பன்னிரண்டு சுற்றும், பன்னீர் சுற்றிய பன்னிரண்டு சுற்றும், கோடு போட்ட இடமும் சிமென்டாகி யார் யார் வீட்டுச் சுவருக்கோ போய்விட்டன. புளியமரத் திருப்பம் எங்கே இருந்திருக்கும் என்று வேலியோரம் நடந்து நடந்து பார்த்தேன்.

"எதாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒரு ரப்பர் பேண்டு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் கையை நீட்டி, அதோ அந்த இடத்தில்தான், ஒன்பதாவது சுற்றில், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். என் விரல் காட்டிய இடத்தில் தரை இல்லை. தண்ணீருக்கு மேலே, வெகு உயரத்தில், காற்றுதான் இருந்தது.