டீயோடு ஒரு மாத்திரை

முதலமடைப் பக்கம் ஒரு சின்னக் கடைவீதியில் அப்போது டிஸ்பென்சரி வைத்திருந்தேன். கேரளம் தனி மாநிலமாகப் பிரிந்து, எல்லையில் கோபாலபுரத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட ஆரம்பித்திருந்த சமயம். சுற்றுவட்டாரத்தில் பெண் டாக்டர் நான் ஒருத்திதான். அதனால்தான் அதே வீதியில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் தன் மனைவியை என்னிடம் அழைத்து வந்தார்.

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாதத்தில் இரண்டு தடவை பாதித் தலை இடிக்கும். வெளிச்சம் ஆகாது. வாந்தி எடுத்து ஒரு பகல் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பார். என்னிடம் வருவதற்குள் ஒரு டாக்டர் கண்ணாடி போட்டுவிட்டிருந்தார். இன்னொருவர் நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கியிருந்தார். மூன்றாமவர் பிள்ளையில்லாத ஏக்கம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள்.

இது மைக்ரேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த நாங்கள் கொடுக்கும் எர்காட் மருந்தின் வகையிலேயே தலைவலிக்கும் ஒரு மாத்திரை வந்திருந்தது. வலி தொடங்கியதும் இரண்டு போட வேண்டும், வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று கணவரிடம் சொன்னேன். அந்த அம்மா பக்கத்திலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாத்திரை கேட்டது. ராவுத்தர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் பெருமையைப் பேசினார்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இப்போது தினமும் விடியும்போதே தலைவலி என்றார்கள். தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தேன். மோரை நிறுத்தச் சொன்னேன், புளியை நிறுத்தச் சொன்னேன். எதுவும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒருநாள், வீட்டில் என்ன கவலை என்று மறைக்காமல் சொல்லுங்கள் என்று கடிந்துகொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பற்களைப் பிடுங்கியவரையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

ஏப்ரல் மாதத்து மத்தியானம். மாந்தோப்புகளின் மேல் கானல் ஆடிக்கொண்டிருந்த நேரம். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. நாடி அகப்படுவதே சிரமமாக இருந்தது. கால் மரத்துப் போகிறதா என்று கேட்டேன். பதினைந்து நாளாக அப்படித்தான் என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம்.

வெளியே நின்ற கணவரைக் கூப்பிட்டு, அந்த மாத்திரையை இன்னும் கொடுக்கிறீர்களா என்றேன்.

"ஆமாங்க. தெனமும் காத்தால டீயோட ரெண்டு, பொழுது சாய ஒண்ணு. வலி வந்தப்புறம் குடுத்தாலே கேக்குதுங்களே, வாரதுக்கு முன்னாடியே குடுத்துட்டா வராதில்லீங்களா?"

என்னிடம் வாங்கியது தீர்ந்ததும், கோயமுத்தூர் போகும் பஸ் டிரைவரிடம் சொல்லிப் புட்டி புட்டியாக வரவழைத்திருக்கிறார். மனைவி வலியில் புரள்வதை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாரக்கணக்கை மட்டும் சொன்னவள் நான். மீறினால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அந்த மாத்திரையே தினமும் தலைவலியைக் கொண்டுவரும் என்று யாரிடம் சொன்னேன்?

அன்றே நிறுத்தினோம். மாத்திரைக்குப் பழகிப்போன தலை சும்மா விடவில்லை. ஐந்து நாள் அந்த அம்மா பட்ட பாட்டை நான் பிரசவ அறையிலும் அதிகம் பார்த்ததில்லை. தினமும் இரண்டு வேளை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராவுத்தர் வாசலிலேயே மறித்து, ஒன்றே ஒன்று கொடுக்கட்டுமா என்று கெஞ்சுவார். மீதிப் புட்டிகளை என் பையில் போட்டுக்கொண்டு வந்த பிறகும் கெஞ்சினார். நான்காம் நாள் அவரைக் கடைக்குப் போகச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

ஆறாம் நாள் காலை அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கைகளைத் தொட்டேன். சூடு திரும்பியிருந்தது.

"டாக்டரம்மா, இனி எதை எத்தனை திங்கோணும், ஏன் அதுக்கு மேல திங்கக்கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லுங்க. அவருகிட்டச் சொல்லாதீங்க."

சொன்னேன், முக்கால் மணி நேரம். அவர் கேட்ட கேள்விகளை எந்தக் கணவரும் என்னிடம் கேட்டதில்லை. பட்டினி கிடக்கும் நாட்களுக்கு மறுநாள்தான் பெரும்பாலும் வலி வருகிறது என்பதையும் அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்ததும் வலி வருவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. வலி வந்தால் மட்டும் போட நான் திருப்பிக் கொடுத்த ஒரு மாத்திரைப் புட்டி அந்த அம்மாவின் பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ராவுத்தர் தனியாக வந்தார். தலைவலி வராமலே தடுக்க ஊசி ஏதும் உண்டா என்றார். தடுக்கும் மருந்துகளெல்லாம் பின்னாளில் வந்தவை. அன்றைக்கு என்னிடம் எதுவும் இல்லை. இல்லை என்று மூன்று தடவை சொன்னேன்.

"கோயமுத்தூர்ல இருக்குமுங்களா?"

போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்.