மழையில் ஊர்வலம் போன கடை

பெரிய காஞ்சிபுரத்தில் அப்பா வாத்தியக் கடை வைத்திருந்தார். கிறிஸ்தவச் சபைகளுக்குக் கீபோர்டும் கிடாரும், பஜனை கோஷ்டிக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும், நாதஸ்வரம் வாசிக்கும் நாயனக்காரர்களுக்குச் சீவாளியும் எங்களிடம்தான். எல்லா சாமிக்கும் வேண்டிய சத்தம் நம்ம கடையில் கிடைக்கும் என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் லீவு. நான்காம் நாள் காலையில் கால்வாய் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டது. அப்பா ஷட்டரைத் தூக்கியபோது கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என்னை மேஜைமேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. முதலில் செவிலிமேட்டுச் சபையில் பாடுகிற அக்காக்கள் வந்தார்கள். பின்னாலேயே பஜனை கோஷ்டி, பக்கத்துச் சந்தில் தறி ஓட்டுகிறவர்கள், கோயிலில் வாசிக்கும் நாயனக்காரர். "பாத்துப்பா, தோலு நனையாம தூக்கு!" என்று அவர்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மிருதங்கங்களும் கிடார்களும் தபேலாக்களும் தலைக்குத் தலை மாறி, தண்ணீருக்கு மேலே மிதந்தாற்போலத் தெருமுனைவரை போயின. கோயில் உற்சவம்கூட அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக அப்பா சுவரில் மாட்டியிருந்த பறையைக் கழற்றினார். வாலாஜாபாத் பக்கத்து ஊரில் சாவு வீடுகளில் தாத்தா அடித்தது, விற்பனைக்கல்ல. நாயனக்காரர் கையை நீட்டினார்.

"இத்த எங்கிட்ட குடு. எங்க வூட்ல தண்ணி ஏறல."

"வேணாண்ணே. இது சாவு மேளம். நானே எங்கியாவது வெச்சிக்கிறேன்."

"தோலு நனஞ்சா என்னாவும்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சாமான்களை வாங்கிக்கொண்டு, கடைசியாக நாயனக்காரர் வீட்டுக்குப் போனோம். வாசலிலிருந்தே பூஜை அறை தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படங்களுக்குக் கீழே மணைப்பலகையில் அவருடைய நாயனம். அதற்குப் பக்கத்தில் தாத்தாவின் பறை. இரண்டுக்கும் பூ வைத்திருந்தார்கள்.

வீட்டிலேயே ஈரம் படாத இடம் அதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா படியேறவில்லை. "காலெல்லாம் சேறா இருக்குதுக்கா" என்றார்.

"சேறுதானப்பா, கழுவினா போச்சு. உள்ள வா" என்று நாயனக்காரரின் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

அப்பா கால் கழுவிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி உள்ளே போனார். பறைக்கு முன்னால் நின்றபோதும் அவர் கை என் கையை விடவில்லை. இரண்டு நாளாக மழையில் நனைந்தவராயிற்றே, குளிர்கிறது போல என்று எண்ணி, என் இன்னொரு கையையும் சேர்த்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.